வெள்ளிக்கிழமை மாலையில் வரும் ஆணைகள்

நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரில், குடிவரவு வழக்குகளைக் கவனிக்கும் சிறிய வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக உதவியாளராக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், வெளிநாட்டு ஊழியர்களுக்கான தற்காலிக வேலை விசாவான எச்1பி விசாவில் இருக்கும் தமிழர்களும் தெலுங்கர்களும். படிவங்களை நிரப்புவதும், காலாவதித் தேதிகளைக் குறித்துவைத்து நினைவூட்டுவதும், சான்றிதழ்களைச் சரிபார்ப்பதும் என் அன்றாட வேலை. சட்ட ஆலோசனை சொல்லும் அதிகாரம் எனக்குக் கிடையாது. அதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். ஆனால் தொலைபேசி முதலில் ஒலிப்பது என் மேசையில்தான்.

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் அது ஓயாமல் ஒலிக்கத் தொடங்கியது. புதிய பிரகடனம் ஒன்றில் அமெரிக்க அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டிருந்தார். நாட்டுக்கு வெளியே இருக்கும் எச்1பி ஊழியர் உள்ளே வர வேண்டுமானால் அவருக்காக ஒரு லட்சம் டாலர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் ரூபாய், கட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும், ஞாயிறு அதிகாலை 12.01 மணிக்கு இது நடைமுறைக்கு வரும் என்றும் அதில் இருந்தது. ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களின் நிலை என்ன என்பது அந்த வாசகத்திலிருந்து தெளிவாகவில்லை. இது ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகை என்று வர்த்தகச் செயலர் கூறிய காணொளியும் அதற்குள் எல்லோருடைய கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

தாம்பரத்திலிருந்து ஓர் இளைஞர் அழைத்தார். அங்கே அப்போது சனிக்கிழமை விடிகாலை நாலே முக்கால் மணி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய அப்பா இறந்தபோது விசா புதுப்பிப்பு முடியாமல் இருந்ததால், இறுதிச் சடங்குக்குப் போக இயலாமல் போனவர் அவர். அந்த ஞாயிற்றுக்கிழமை மகாளய அமாவாசை. அம்மாவுடன் இராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் கொடுப்பதற்காகவே பத்து நாள் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். சனிக்கிழமை மாலை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். “அக்கா, கம்பெனியிலேர்ந்து மெயில் வந்திருக்கு, உடனே திரும்பி வரச் சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?” என்று கேட்டார்.

வழக்கறிஞர் அந்தப் பிரகடனத்தை இரண்டு முறை முழுதாகப் படித்தார். எழுத்தில் உள்ளபடி பார்த்தால் ஆபத்து இருக்கிறது, முடிந்தால் ஞாயிறு பிறப்பதற்குள் வந்துவிடுவது நல்லது என்றார். அதைத் தமிழில் அந்தத் தம்பிக்குச் சொன்னது நான். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “சரிக்கா, அம்மாகிட்ட சொல்றேன்” என்று மட்டும் சொன்னார். காலை ஒன்பதரை மணி அளவில் வளைகுடா வழியாகச் செல்லும் விமானத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

சனிக்கிழமை பிற்பகல் வெள்ளை மாளிகை விளக்கம் அளித்தது. இது புதிதாகத் தாக்கல் செய்யப்படும் மனுக்களுக்கு மட்டும். ஒரே முறை கட்ட வேண்டியது. இப்போது விசா வைத்திருப்பவர்கள் வழக்கம்போல் போய் வரலாம். அந்நேரம் அவருடைய விமானம் அட்லாண்டிக்கின் மேல் இருந்திருக்கும். இந்திய நேரப்படி ஞாயிறு காலை 9.31 மணிக்குப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தபோது, அவர் தம் வீட்டில் சுமை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா இராமேஸ்வரம் போகவில்லை.

அன்றைய வாசகத்தை வைத்துப் பார்த்தால் நாங்கள் சொன்னதில் பிழை இல்லை. இன்று அதே தாள் வந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம். இருந்தும் அது என்னை விட்டுப் போகவில்லை. ஆணையைப் பிறகு திருத்தலாம், விளக்கலாம், நீதிமன்றம் நிறுத்தி வைக்கலாம்; ஆனால் அதற்கு முந்தைய ஒரு நாளில் மக்கள் எடுத்த முடிவுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தருவதில்லை. பதினோரு ஆண்டுகளில் நான் பார்த்த இழப்புகளில் மிகுதியும், கையெழுத்துக்கும் விளக்கத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் நேர்ந்தவைதான்.

இதற்கு ஒரு காரணம், நிர்வாக ஆணை என்பது அதிகாரிகளை நோக்கி எழுதப்படுவது. இன்ன துறைச் செயலர் இன்னதைச் செய்ய வேண்டும் என்பதே அதன் நடை. விமான நிலையக் கவுண்டரில் பையுடன் நிற்பவர் ‘நான் ஏறலாமா’ என்று கேட்கும் கேள்விக்கு அதில் விடை இருக்காது. அந்தக் கவுண்டரில் இருக்கும் ஊழியருக்கும் அது தெரியாது. 2017 ஜனவரி 27 அன்று வந்த ஆணையிலும் இதுவே நடந்தது. அதுவும் வெள்ளிக்கிழமைதான். ஈரான், ஈராக், லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, ஏமன் ஆகிய ஏழு நாட்டவரின் நுழைவு 90 நாட்களுக்கு நிறுத்தப்பட்டது. கிரீன் கார்டு வைத்திருந்தவர்கள்கூட முதலில் தடுக்கப்பட்டார்கள். எங்கள் வழக்கறிஞர் மறுநாள் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தின் நான்காம் முனையத்துக்குப் போனார். அச்சடித்த படிவங்களைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். வழக்கறிஞர்கள் பலர் தரையில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்துக்கொண்டு ஆட்கொணர்வு மனுக்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். உள்ளே தடுக்கப்பட்டிருந்தவரின் மனைவி ஒருவர் வருகை வாயிலில் ஒரு ஃபிளாஸ்க்கை இரு கைகளாலும் பிடித்தபடி நின்றிருந்தார். தேநீர் ஆறியிருக்கும் என்று தெரிந்தும் அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை. அன்றிரவே புரூக்ளின் நீதிமன்றம் வெளியேற்றங்களுக்குத் தடை விதித்தது. பின்னர் திருத்தி எழுதப்பட்ட மூன்றாம் வடிவத்தை 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஏற்றது. 2021 ஜனவரி 20 அன்று அடுத்த அதிபர் அதையும் நீக்கினார்.

2025 ஜனவரி 20 அன்று வந்த குடியுரிமை ஆணை வேறு வகையில் வதைத்தது. தாய் தற்காலிக விசாவிலும், தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லாமலும் இருந்தால், பிப்ரவரி 19 முதல் அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைக்கும் குடியுரிமை இல்லை என்றது அது. மார்ச் முதல் வாரத்தில் பிரசவத்தை எதிர்பார்த்திருந்த ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, முன்கூட்டியே அறுவை செய்து எடுத்துவிட்டால் சட்டப்படி சரியாக இருக்குமா என்று கேட்டார். கேட்கும்போதே அவருடைய கை வயிற்றின் மேல் இருந்தது. அதற்கு வழக்கறிஞர், “உங்கள் மருத்துவர் சொல்லும் நாளில்தான் குழந்தை பிறக்க வேண்டும், மற்றதை எங்களிடம் விடுங்கள்” என்றார். மூன்றே நாளில் சியாட்டிலில், ரீகன் காலத்தில் நியமிக்கப்பட்ட மூத்த நீதிபதி ஒருவர், அரசியலமைப்புக்கு அப்பட்டமாக முரணானது என்று சொல்லி அந்த ஆணையை நிறுத்தி வைத்தார். அந்தப் பெண் மட்டும் பிரசவம் வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் தொலைபேசியில் அழைத்து, தடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 19 என்ற தேதி எனக்கு உறுத்தியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் அதே நாளில்தான் அன்றைய அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். அதில் ஜப்பானியர் என்ற சொல்லே கிடையாது. இராணுவ மண்டலங்களைப் பற்றி மட்டுமே பேசியது. அதைக் கொண்டு ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். மன்னிப்புக் கேட்டு ஆளுக்கு 20,000 டாலர் வழங்கும் சட்டம் வர 46 ஆண்டுகள் ஆயின. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஊருக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் திரும்பும் தேதியோடு, அங்கே எதற்காகப் போகிறார், எந்த நாளைத் தவறவிட முடியாது என்பதையும் கேட்டுக் கோப்பின் முதல் தாளில் எழுதி வைக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் இரவு பத்து மணி வரை ஒருவர் தொலைபேசிக்குப் பொறுப்பு. தாம்பரத்துத் தம்பியின் கோப்பில் 2025 செப்டம்பர் 20 என்ற நுழைவுத் தேதியுடன், நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 தாள் இருக்கிறது. அடுத்த மகாளய அமாவாசைக்கு விடுப்புக் கேட்டிருப்பதாகப் போன வாரம் சொன்னார். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லையாம்.