தேதிக்கு இருபது ரூபாய்

ஊர்த் திருவிழாக்களில் விடியவிடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் முதலாளி என்று ஒருவர் கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் தேதி, அதாவது ஒரு ராத்திரி நாடகம், பேசி அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். ராத்திரி மேடையில் சந்தித்து, ஒத்திகை இல்லாமல் விடியவிடிய ஆடிவிட்டு, காலையில் ஆளுக்கொரு பஸ் ஏறிவிடுவார்கள். பி.எஃப். பிடிக்கவும் ஆளில்லை, இ.எஸ்.ஐ. கட்டவும் ஆளில்லை. நிலையாக இருப்பது நாடகக் கலைஞர்கள் சங்கம் ஒன்றுதான். அதன் சந்தாவைக் கூட்டலாம் என்று பேச்செடுத்தால் மட்டும் ஆளுக்கு ஆள் முகம் சுளிக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். 200 பேர் உள்ள ஒரு சங்கம், ஆண்டுச் சந்தா 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் பாக்கியில்லாமல் கட்டினாலே வருவது 60,000. கட்டட வாடகை மாதம் 5,000 என்றால் அதற்கே சரியாகப் போய்விடும். கரண்ட் பில், கணக்குத் தணிக்கை எல்லாம் கடன். இந்த நிலையில் ஒரு கலைஞர் இறந்துபோனால் துண்டேந்தித்தான் வசூல் செய்ய வேண்டும். அதிலும் பெயர் பெற்ற ராஜபார்ட் என்றால் நிறையச் சேரும். தாளம் போட்டவர் என்றால் மாலைக்கும் வண்டிக்கும் சரியாகப் போகும். எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

1926 தொழிற்சங்கச் சட்டம் 2025 வரை நடப்பில் இருந்தது; அதன் 2001 திருத்தம் அமைப்புசாராத் தொழிலாளிக்கு வைத்த குறைந்தபட்சச் சந்தா ஆண்டுக்கு 3 ரூபாய். ரசீது அச்சடிக்கவே அது பத்தாது. 'சட்டமே அவ்வளவுதான் கேட்டது' என்று வாதாடுபவர்கள் அது குறைந்தபட்சம் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் 300-ஐ ஒரேயடியாக 1,500 ஆக்குவதும் தப்பு. வருஷத்துக்கு 20 தேதி பார்ப்பவரும் 100 தேதி பார்ப்பவரும் ஒரே தொகை கட்டினால், முதலில் விலகுவது 20 தேதிக்காரர்தான். அமெரிக்காவின் மேடை நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியில் ஆண்டுச் சந்தாவும் உண்டு, சம்பளத்தில் சதவீதமும் உண்டு. அங்கே தயாரிப்பாளரே சம்பளத்தில் பிடித்து அனுப்பிவிடுகிறார். இங்கே சம்பளப் பட்டியலே இல்லை, வாங்கிய தொகையை யாரும் உள்ளபடி சொல்லவும் மாட்டார்கள். அதனால் சதவீதம் சரிவராது. தேதியை மறைப்பதுதான் கஷ்டம். நோட்டீஸில் பெயரும் ஊரும் நாளும் அச்சாகிவிடுகிறதே.

ஆகவே ஆண்டுக்கு 300 அப்படியே இருக்கட்டும், கூடவே தேதிக்கு 20 ரூபாய். திரும்பி வரும் வழியில் ஒரு டீ, ஒரு வடைக்கு ஆகும் காசு. ஆளுக்குச் சராசரி 50 தேதி என்றால் 2,00,000. பாதி வராமல் போனாலும் ஒரு லட்சம். இறப்பு நிதி 10,000 வீதம் ஐந்து குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டு, விபத்தில் சிக்கியவருக்கு ஆஸ்பத்திரி அட்வான்ஸ் கட்டவும் கையில் இருக்கும்.

வசூலை பங்குனி முதல் ஆடி வரை, காசு புழங்கும் மாதங்களிலேயே முடிக்க வேண்டும். மார்கழியில் கேட்டால் யாரிடமும் இருக்காது. தேதி பேசும் ஏஜென்ட் கையில் வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகம் கொடுத்து, அடிக்கட்டையை மாதாமாதம் திரும்ப வாங்குங்கள். அடிக்கட்டை வராத புத்தகத்தில்தான் பணம் ஒழுகும். இந்தப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். வாடகைக்கு 'கைமாற்றாக' எடுக்கக்கூடாது என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

தீர்மானம் பொதுக்குழுவில் நிறைவேற வேண்டும். செயற்குழு மட்டும் கூடி முடிவெடுத்தால் பின்னால் ஒருவர் கேள்வி கேட்டாலே நிற்காது. தொகை, அமலுக்கு வரும் நாள், எதற்குச் செலவிடலாம் ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். விதித் திருத்தத்தைப் பதிவாளருக்கு அனுப்ப மறந்துவிடாதீர்கள். 1926 சட்டம் நடப்பில் இருந்தவரை அதற்குக் கெடு 15 நாளாக இருந்தது.

பழைய பாக்கிதான் கடைசிச் சிக்கல். அதைப் பழைய விகிதத்திலேயே மூன்று தவணையாக வாங்கிக்கொள்ளுங்கள். மேடை ஏற முடியாத மூத்தவர்களுக்குத் தேதியே இல்லை, ஆகவே தேதிச் சந்தாவும் இல்லை. அவர்கள் பெயரை மட்டும் பதிவேட்டிலிருந்து அடித்துவிடாமல் இருக்க வேண்டும்.