கால்நடையாய் முக்திநாத்

நேபாளத்து மலையில், ஆழ்வார் சாளக்கிராமம் என்று பாடிய பெருமாள் கோயில் முக்திநாத். அங்கே போய்விட்டு வந்தோம் என்றால் மாம்பலத்தில் எல்லோரும் கேட்பது, "ஹெலிகாப்டரா, ஜீப்பா?" நடந்து போனோம் என்றால் அடுத்த கேள்வி, "ஏன், டிக்கெட் கிடைக்கலையா?"

எல்லாம் என் கணவர் ரங்கமணியின் ஏற்பாடு. மாமியார் தன் யாத்திரை கோஷ்டியோடு போகராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானம், அங்கிருந்து ஜீப் என்று பணம் கட்டிய அன்றே இவருக்குள் ஏதோ புகுந்துவிட்டது. "அம்மா அந்தப் பக்கமா வரட்டும். நாம இந்தப் பக்கமா மலையைத் தாண்டிப் போய் நிப்போம்." இந்தப் பக்கம் என்றால் பேசிசஹர். சுமார் 760 மீட்டரில் கிளம்பி, மர்ஸ்யாங்டி ஆற்றைப் பிடித்துக்கொண்டே பள்ளத்தாக்கு முழுக்க ஏறி, 5416 மீட்டரில் தோரோங் லா கணவாயைத் தாண்டினால் மறுபக்கம் முக்திநாத். நம் வீட்டு இரண்டாவது மாடிக்கு லிஃப்டுக்காகக் காத்திருக்கும் மனுஷன் இவர்.

கிளம்பும் முன் சமையல்கட்டுத் தராசில் என் சாமான்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. சால்வை அதிகம், இரண்டாவது சீப்பு எதற்கு, பிரஷ்ஷில் பாதி போதும். புளிக்காய்ச்சல் பாட்டில் வந்தபோது மட்டும் முள்ளைப் பார்க்காமல் எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

முதல் இரண்டு நாளும் புழுதிதான். மனாங் வரை ஜீப் ரோடு போட்டாகிவிட்டது. நாம் காசு செலவழித்து நடக்க, நம்மைத் தாண்டி ஆட்டுக்குட்டி ஜீப்பில் போகிறது. அது திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டிருப்பார்கள். அதைப் பிடித்தால் ரோட்டை விட்டு எதிர்க்கரை ஒற்றையடிப் பாதைக்குப் போகலாம். தினம் ஒரு ஊர்: டால், தாராபானி, சாமே. தினமும் ராத்திரி தால் பாத். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், அதற்குத் தனிக் காசு கிடையாது. இந்தத் தகவல் தெரிந்த நிமிஷத்திலிருந்து ரங்கமணிக்கு நேபாளத்தின் மேல் வந்த மரியாதையை அளக்கத் தராசு இல்லை.

பிசாங்கில் ஜன்னலைத் திறந்தால் அன்னபூர்ணா 2, 7937 மீட்டர், முகத்துக்கு நேரே நிற்கிறது. கும்பிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். கீழே ஆற்றோரமாகச் சமதளப் பாதை ஒன்று சமர்த்தாகப் போய்க்கொண்டிருக்க, இவர் மேல் பாதையில்தான் காட்சி என்று கியாரு கிராமத்துக்கு ஏற்றினார். வளைந்து வளைந்து ஏறும் பாதை. ஒவ்வொரு வளைவிலும் "இதான் கடைசி" என்றார். கடைசி என்பதற்கு அவர் அகராதியில் என்ன அர்த்தம் என்று கல்யாணமானதிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

மனாங்கில் மருத்துவ முகாம் ஒன்றில் உயரத்தின் ஆபத்துகளைப் பற்றிப் பேசுகிறார்கள். 3000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாதாம். ரங்கமணி நோட்டு எடுத்தார். அதே சமயம் மாமியாரிடமிருந்து வாட்ஸ்அப்: "போகரா வந்தாச்சு. காபி தண்ணி."

கணவாயின் அடிவாரமான தோரோங் பேடியில் விடியற்காலை பாத்ரூம் பக்கெட்டில் மக் உறைந்து நின்றது. இழுத்தால் பக்கெட்டும் சேர்ந்து வந்தது. மேற்கொண்டு விவரிப்பதாக இல்லை.

வெயில் ஏறினால் கணவாயில் காற்று தூக்கிவிடும் என்று நாலு மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக் கிளம்பினோம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் பாதிதான். மூச்சு விடவே பற்றாதபோது சண்டைக்கு எங்கே போவது? எங்கள் தாம்பத்தியத்தின் மிக அமைதியான காலைப் பொழுது அதுதான். உச்சியில் கொடிகள், வாழ்த்துப் பலகை, கட்டாய ஃபோட்டோ. அப்புறம் ஒரேயடியாக 1600 மீட்டர் இறக்கம். முட்டி இரண்டும் பாதி வழியிலேயே ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டன.

கோயில் மதிலோரம் மாமியார். கோயிலின் 108 தண்ணீர்த் தாரையிலும் தலையைக் கொடுத்துவிட்டு, ஈரத் தலைமுடியைத் துண்டால் முடிந்துகொண்டு, கன்னம் சிவக்க நிற்கிறார்.

"ஏண்டா, மத்யானமே ஆயிடுத்தே! ஏண்டி, ரெண்டு பேரும் இப்படிக் கறுத்துப் போயிட்டேளே!"

தாரைக்கு முன்னால் நான்கே படி. பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். மேலிருந்து குரல் வந்தது: "ஆழ்வார் 'சாளக்கிராமம் அடை நெஞ்சே'ன்னுதாண்டி பாடினார். முட்டியைக் கூப்பிடவே இல்லையே!"

நல்ல வேளை, அந்தக் குளிர்ந்த தண்ணீர் தலையில் விழுந்ததில் பதில் எதுவும் வாயிலிருந்து வரவில்லை.

ராத்திரி ராணிபௌவா லாட்ஜில் சாப்பிட உட்கார்ந்தால், மலை இறங்கி வந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒரு டச்சுப் பையன் எழுந்து வந்து ரங்கமணியின் கையைக் குலுக்கி, "அந்த மகன் நீதானா?" என்றான். கோஷ்டியின் சமையல்காரர்தான் விஷயத்தை உடைத்தார். காலையிலிருந்து மாமி மதிலை விட்டு நகரவே இல்லையாம். மேலேயிருந்து இறங்கிய ஒருத்தர் விடாமல் நிறுத்தி, எங்கள் கல்யாண ஃபோட்டோவைக் காட்டி, "எங்காத்துக் குழந்தைகளைப் பார்த்தேளா?" என்று சுத்தத் தமிழில் விசாரித்திருக்கிறார். ஃபோட்டோவில் இவருக்கு முடி இருக்கும். யாருக்கு அடையாளம் தெரியும்?

"நான் எங்கே கேட்டேன்? மணி என்ன ஆச்சுன்னு கேட்டேன்," என்றார் மாமியார், வாட்ச் கட்டிய கையால் என் தட்டில் இன்னொரு கரண்டி சாதத்தைப் போட்டபடி.