கோய்டைன் மாற்றிக்கொண்ட கருத்து

பள்ளிக்கூடத்தில் ஔரங்கசீப்போடு சேர்த்து மனப்பாடம் செய்த ‘ஜிசியா வரி’, அதாவது முஸ்லிம் ஆட்சியில் பிற மதத்தவர் கட்டவேண்டியிருந்த தலைவரி, ஓர் ஏழையின் வாசலில் எப்படி வந்து நின்றது என்பதை எனக்குப் புரியவைத்தவர் வரலாற்றறிஞர் ஷெலோமோ டோவ் கோய்டைன்.

1900இல் பவேரியாவில் பிறந்து, 1923இல் பாலஸ்தீனத்தில் குடியேறிய கோய்டைன், முதலில் அரபு நூல்களில் ஊறியவர். தம் நடுவயதுக்குப் பிறகே கெய்ரோ கெனிசாவின் தாள்களுக்கு வந்து சேர்ந்தார். கடவுளின் பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது என்பது யூதர் வழக்கம் என்பதால், பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தின் ‘கெனிசா’ என்னும் அறையில் மண ஒப்பந்தம், கடன் சீட்டு, வணிகக் கடிதம் எனக் கண்டதெல்லாம் நூற்றாண்டுக்கணக்கில் குவிந்து கிடந்தது. அவற்றுள் பலவற்றின் மொழி அரபு, எழுத்தோ எபிரேயம்.

ஜிசியா வசதிக்கேற்ப விதிக்கப்பட்டது, இல்லாதவருக்கு விலக்கு உண்டு என்று பல சட்ட நூல்கள் சொல்கின்றன. அதனால் அது பெரிய சுமையன்று என்றே கோய்டைனும் நம்பியிருந்தார். தாள்கள் வேறு கதை சொல்லின. வரி கட்ட முடியாமல், வசூலிப்பவருக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே ஒளிந்துகிடப்பதாக ஒருவர் உதவி கேட்டு எழுதுகிறார். கட்டாதவருக்குச் சிறை காத்திருந்தது. கட்டிய சீட்டு கையில் இல்லாமல் ஊர்விட்டு ஊர் போவதும் ஆபத்து. 1963இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், இந்த வரியைப் போல வேறெதிலும் தம் கருத்தை இவ்வளவு அடியோடு மாற்றிக்கொள்ள நேரவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அறுபது வயதைக் கடந்த ஓர் அறிஞர் இதை அச்சில் எழுதியதுதான் என்னை அவரிடம் இழுத்தது.

இதை மட்டும் பிய்த்தெடுத்து, அக்கால யூதர் வாழ்வே ஒரே ஓலம் என்று பேசுபவர்களுக்கு அவர் துணை வரமாட்டார். பத்தாம் நூற்றாண்டு முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை எகிப்தை ஆண்ட முஸ்லிம் மரபினரான ஃபாத்திமியர் ஆட்சியில் யூதரும் முஸ்லிம்களும் கூட்டு வணிகம் செய்ததையும், ஒரே வீட்டைப் பங்குபோட்டு வாழ்ந்ததையும் அதே பொறுமையோடு அவர் பதிந்திருக்கிறார். (இணையச் சண்டைகளில் இரு தரப்பும் அவரை மேற்கோள் காட்டுவது எனக்கு எரிச்சலூட்டும் வேடிக்கை.)

நான் அடிக்கடி திரும்பிப் போவது அறக்கொடைப் பட்டியல்களுக்குத்தான். ஃபுஸ்தாத்தின் யூதச் சமூகம் செவ்வாயும் வெள்ளியும் ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்தது. விதவை, பார்வையற்றவர், அயலூரிலிருந்து வந்தவர் என ஒவ்வொருவர் பங்கும் எழுதிவைக்கப்பட்டது. அந்த ஏழைகளுக்காகத் தலைவரியையும் பல வேளைகளில் அதே சமூகமே திரட்டிக் கட்டியது.