கையில் இருப்பது எந்த அட்டை? – விசா இல்லாப் பயணம், நாட்குறிப்பு

2025 அக்டோபர் 6, திங்கள்

ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உள்ளவரைக் கட்டிக்கொண்டால் ஒன்றியம் முழுக்க விசா இல்லாமல் சுற்றலாம் என்று பலர் நம்புகிறார்கள். பாதிதான் சரி. மீதிப் பாதி விமான நிலையத்தில்தான் தெரியவருகிறது.

இந்த உரிமைக்கு மூலம் 2004/38 எனும் நெறியாணை, அதாவது உறுப்பு நாடுகள் பின்பற்ற வேண்டிய ஒன்றியச் சட்டம். தன் சொந்த நாட்டை விட்டு வேறொரு உறுப்பு நாட்டுக்குப் போகிற அல்லது அங்கே வசிக்கிற குடிமகனுக்கும், அவரோடு கூடப் போகிற அல்லது அவரிடம் போய்ச் சேர்கிற குடும்பத்தாருக்கும் அது பொருந்தும் என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. எல்லாச் சிக்கலும் 'சொந்த நாட்டை விட்டு' என்பதில்தான் முளைக்கிறது.

பிரெஞ்சுக் குடிமகன் ஒருவர் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார், மனைவி இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்று கொள்வோம். மனைவிக்கு ஜெர்மனி தருவது 'ஆஃப்எந்தால்ட்ஸ்கார்ட்டே'. நெறியாணையின் 10ஆம் பிரிவுப்படி வழங்கும் வதிவிட அட்டை அது. அதே தம்பதி பாரிஸில் வசித்தால் மனைவிக்குக் கிடைப்பது பிரெஞ்சு உள்நாட்டுச் சட்டப்படியான அனுமதி. ஜெர்மன் குடிமகனின் மனைவிக்கு ஜெர்மனியிலேயே கிடைக்கும் 'ஆஃப்எந்தால்ட்ஸ்எர்லாவ்ப்னிஸ்' அட்டையும் அப்படித்தான். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலிருக்கும், சட்டத்தில் வேறு வேறு.

ஷெங்கனுக்குள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குள், இந்த வேறுபாடு வெளியே தெரியாது. உள்நாட்டு அனுமதி இருந்தாலும் 180 நாளில் 90 நாள் மற்ற ஷெங்கன் நாடுகளில் தங்கலாம், தனியாகவும் போகலாம். வண்டவாளம் வெளியாவது டப்ளினுக்கு டிக்கெட் போடும்போது. அயர்லாந்து ஷெங்கனில் இல்லை. 10ஆம் பிரிவு அட்டையோடும் கணவரோடும் போனால் விசா கேட்கமாட்டார்கள். பாரிஸ் அட்டையைக் காட்டினால் கேட்பார்கள். சைப்ரஸும் இன்னும் ஷெங்கனுக்கு வெளியேதான். குரோஷியா 2023 ஜனவரி 1 முதலும், பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாகவும் உள்ளே வந்துவிட்டன. பழைய பயணக் குறிப்புகளை நம்பி ருமேனியாவுக்குத் தனி விசா தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2025 அக்டோபர் 9, வியாழன்

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இந்த அட்டைகளின் வடிவத்தையும் பாதுகாப்பையும் வகுக்கும் 2019/1157 ஒழுங்குவிதி 2021 ஆகஸ்ட் 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த அட்டைகளில் 'ஃபேமிலி மெம்பர் ஈயூ ஆர்ட் 10' அல்லது 'ஆர்ட் 20' என்றும், நெறியாணையின் எண்ணும் இருக்க வேண்டும். 10 என்பது ஐந்தாண்டு அட்டை. 20 என்பது நிரந்தர வதிவிட அட்டை, பத்தாண்டு. இந்த வரி இல்லாத புதிய அட்டை என்றால் அது உள்நாட்டு அனுமதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பழைய அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தேதி: 2026 ஆகஸ்ட் 3. புதிய பாதுகாப்புத் தரத்துக்கு உட்படாத அட்டைகள், மேலே என்ன காலாவதித் தேதி அச்சாகியிருந்தாலும், அன்றோடு செல்லாது. மாற்றக் கொடுத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். இப்போதே தொடங்குவது நல்லது.

நெறியாணையின் 5(2) பிரிவு விசா விலக்கு தரும்போது 10ஆம் பிரிவு அட்டையை மட்டும்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதனால் 20ஆம் பிரிவு அட்டைக்காரர்களை நிறுத்திவைத்த கதையும் உண்டு. லண்டனிலிருந்து புடாபெஸ்ட் வந்த உக்ரைனியப் பயணி ஒருவரிடம் பிரிட்டன் அன்று வழங்கிய நிரந்தர அட்டை இருந்தது. விசா இல்லாமல் ஏற்றி வந்ததற்காக ஹங்கேரி காவல்துறை ரயன்ஏர் விமான நிறுவனத்துக்கு 3000 யூரோ அபராதம் போட்டது. 2020 ஜூன் 18 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அதைத் தவறு என்றது: 20ஆம் பிரிவு அட்டைக்கும் விலக்கு உண்டு, ஷெங்கனில் சேராத உறுப்பு நாடு வழங்கியிருந்தாலும் உண்டு, அட்டையே குடும்ப உறவுக்குச் சான்று. வழக்கு எண் சி-754/18. குறித்துவைத்துக்கொள்ளுங்கள், கவுன்டரில் உதவும்.

(பிரிட்டன் வெளியேறிய பிறகு பிரிட்டன் அட்டைக்கு இந்த மதிப்பு இல்லை. ஒன்றியத்தின் அட்டையைக் காட்டி லண்டனுக்குள் போகவும் முடியாது.)

2025 அக்டோபர் 12, ஞாயிறு

நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை ஷெங்கன் எல்லைகளில் இன்று தொடங்குகிறது. 2026 ஏப்ரல் 10க்குள் படிப்படியாக எல்லா இடத்துக்கும் வரும். கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படமும் விரல்ரேகையும் எடுப்பார்கள்.

10, 20ஆம் பிரிவு அட்டைக்காரர்களுக்கு இது கிடையாது, கணவரோ மனைவியோ கூட வராவிட்டாலும். ஷெங்கன் நாட்டின் உள்நாட்டு வதிவிட அனுமதி வைத்திருப்பவர்களுக்கும் கிடையாது. நடைமுறையில் தவறு எங்கே வரும் என்றால், இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டைப் பார்த்ததும் ஊழியர் பதிவு எந்திரத்தின் பக்கம் கைகாட்டிவிடுவார். கடவுச்சீட்டோடு அட்டையையும் சேர்த்தே நீட்டுங்கள். ஒன்றியக் குடிமக்களுக்கான வரிசையில் துணையோடு நிற்கவும் குடும்பத்தாருக்கு உரிமை உண்டு.

2025 அக்டோபர் 17, வெள்ளி

அட்டை இல்லாதவர்களுக்கு விசா வேண்டும். ஆனால் அது கட்டணமில்லாத, விரைவு நடைமுறையில் தர வேண்டிய விசா. ஷெங்கன் விசாவுக்கு வழக்கமாக வாங்கும் 90 யூரோவைக் கட்ட வேண்டாம்.

இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. கணவர் பிரெஞ்சுக் குடிமகன், மனைவி இந்தியக் குடிமகள், இருவரும் ரோம் போகிறார்கள் என்றால் நெறியாணை பொருந்தும். இத்தாலியிடம் குடும்ப விசா கேட்கலாம். இருவரும் பாரிஸுக்கே போனால் பொருந்தாது. அது கணவரின் சொந்த நாடு, அங்கே பிரெஞ்சுச் சட்டம் சொல்வதுதான். ஒரே தம்பதிதான், போகிற ஊர் மாறினால் விதியும் மாறிவிடுகிறது.

கேட்கக்கூடிய ஆவணங்கள் கொஞ்சமே: விண்ணப்பிப்பவரின் கடவுச்சீட்டு, துணையின் குடியுரிமைச் சான்று, திருமணப் பதிவுச் சான்றிதழ், இருவரும் சேர்ந்து போகிறார்கள் அல்லது அவரிடம் போய்ச் சேர்கிறார் என்பதற்குச் சான்று. வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, ஓட்டல் பதிவு, பயணக் காப்பீடு எதுவும் தேவையில்லை. விண்ணப்பப் படிவத்தில் 17, 18ஆம் கட்டங்களில் துணையின் விவரமும் உறவும் எழுதுங்கள். உடுக்குறி (*) போட்ட 21, 22, 30, 31, 32 ஆகியவற்றைக் காலியாக விடுங்கள். வேலை, அழைப்பவர், செலவு பற்றிய கேள்விகள் அவை. விண்ணப்ப மையத்தில் 'நிரப்பாமல் வாங்கமாட்டோம்' என்றால், படிவத்தின் அடிக்குறிப்பைக் காட்டினால் போதும்.

சேவைக் கட்டணம் வசூலிக்கும் தனியார் மையத்தின் வழியாகத்தான் வர வேண்டும் என்று குடும்பத்தாரைக் கட்டாயப்படுத்த முடியாது. தூதரகத்திலேயே நேரடியாகக் கொடுக்கலாம். ஆனால் அந்த நேரடிச் சந்திப்புக்கு மின்னஞ்சலில் நெறியாணையின் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். இணையப் பதிவுப் பக்கத்தில் அந்த வழி பெரும்பாலும் கண்ணில் படாது. நான்கு வாரத்துக்கு மேல் இழுத்தால் நியாயமில்லை என்று ஐரோப்பிய ஆணையம் 2009இல் விளக்கியிருந்தது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீட்டு வழியையும் சொல்ல வேண்டும்.

2025 அக்டோபர் 21, செவ்வாய்

தமிழர்களுக்கே உரிய தலைவலி, முன்னெழுத்து.

திருமணச் சான்றிதழில் 'க. செல்வி' என்று இருக்கும். கடவுச்சீட்டில் 'க' விரிந்து தந்தை பெயராக குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். வதிவிட அட்டை அச்சாகும்போது அதிகாரி ஒரு கோடு போடுவார், அல்லது ஒரே பெயரை இரண்டு இடத்திலும் எழுதுவார். விமானச் சீட்டில் மூன்றாவது வடிவம் வரும். இரண்டு ஆவணமும் ஒரே ஆளுடையவைதானா என்ற சந்தேகம் அங்கேதான் பிறக்கிறது.

அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே கடவுச்சீட்டின் அடியிலுள்ள எந்திரம் படிக்கும் இரு வரிகளில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே கேளுங்கள். சீட்டையும் அதே வடிவில் எடுங்கள். சான்றிதழோடு பெயர் ஒத்துப்போகாவிட்டால் 'இருவரும் ஒருவரே' என்ற சான்றையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்து வையுங்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக வைக்கும் சான்று முத்திரை). ஜெர்மனி இந்திய அப்போஸ்டிலுக்கு ஆட்சேபம் பதிவுசெய்த நாடு. அங்கே சான்றிதழைத் தனியாகச் சரிபார்க்கக்கூடும் என்பதால் கூடுதல் கால அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் எடுத்த கல்யாணப் படம் எத்தனை ஆல்பம் இருந்தாலும் பதிவுச் சான்றிதழுக்கு ஈடாகாது.

2025 அக்டோபர் 30, வியாழன்

எல்லைக் காவலரைவிடச் செக்-இன் ஊழியர்தான் அதிகம் தடுக்கிறார். காரணம் எளிது: ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால் நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கான யூரோ அபராதம். தடுத்து நிறுத்தினால் அவருக்கு நஷ்டமில்லை. அவர் பார்ப்பது டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தை. அதில் குடியுரிமையை மட்டும் தட்டினால் 'விசா தேவை' என்றே வரும். வதிவிட அட்டையின் வகையையும் வழங்கிய நாட்டையும் சேர்த்துத் தட்டச் சொல்லுங்கள், பொறுமையாக.

இணையத்தில் போர்டிங் பாஸ் எடுத்துவிட்டாலும் ஆவணச் சரிபார்ப்பு முத்திரை இல்லாமல் வாயிலில் விடாத நிறுவனங்கள் உண்டு. கவுன்டர் திறந்ததும் போய்விடுங்கள். இருவர் சீட்டும் ஒரே பதிவு எண்ணில் இருக்கட்டும். 'சேர்ந்து பயணம்' என்பதைக் காட்ட அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

அப்படியும் ஏற்ற மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். ஆவணம் உண்மையில் சரியாக இருந்தால் 261/2004 ஒழுங்குவிதிப்படி தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ இழப்பீடு கேட்கலாம். ஆவணம் போதவில்லை என்று நிறுவனம் சொல்வதே முடிவாகிவிடாது என்று 2020 ஏப்ரல் 30 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

2025 நவம்பர் 8, சனி

மிச்சம் இருப்பவை. திருமணம் ஆகாத இணையருக்கு நெறியாணை தருவது குறைவு. நீடித்த உறவு என்று நிரூபித்தால் நுழைவை 'எளிதாக்க' வேண்டும், அவ்வளவே. ஆனால் அந்த அடிப்படையில் 10ஆம் பிரிவு அட்டை கைக்கு வந்துவிட்டால் அதற்கும் அதே விலக்குதான்.

சுவிஸ் குடியுரிமை உள்ள துணை இந்த நெறியாணைக்குள் வரமாட்டார். ஒன்றியத்தோடு சுவிஸுக்குத் தனி ஒப்பந்தம். நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் குடிமக்கள் உள்ளே வருவார்கள்.

அட்டைக்கு விண்ணப்பித்ததும் தரும் ரசீது பயண ஆவணமாகாது. அட்டை வர ஆறு மாதம் வரை ஆகலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. இடையில் டப்ளின் போக வேண்டுமென்றால் இலவச விசாவுக்கே விண்ணப்பியுங்கள். ஆறு மாதம் தாண்டியும் பதில் இல்லையென்றால் சால்விட் என்ற ஒன்றியத்தின் இலவசச் சேவைக்கு எழுதலாம். பத்து வாரத்தில் தீர்வு என்பது அவர்கள் வைத்திருக்கும் இலக்கு. நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டால் அவர்கள் எடுக்கமாட்டார்கள், அதனால் முதலில் சால்விட்.