பிரேடியா, மொன்டானாவா?

அமெரிக்கக் கால்பந்தில் ஏழு கோப்பை வென்ற டாம் பிரேடிதான் எல்லாரையும் விடப் பெரிய குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் வீரர்) என்கிறார்கள். சரி, 2017 சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் 3-28 எனப் பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 34-28 என்று ஜெயித்ததை யார் மறுக்க முடியும்? அவருடைய பேட்ரியாட்ஸ் அணியின் இருபது வருட ஆதிக்கத்தையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் என் மனது ஜோ மொன்டானா பக்கம்தான். நான்கு சூப்பர் பௌல், நான்கிலும் வெற்றி. அவற்றில் அவர் வீசிய 122 பந்துகளில் ஒன்றைக்கூட எதிரணி பிடிக்கவில்லை! 1989 ஜனவரி, சின்சினாட்டிக்கு எதிரான சூப்பர் பௌலில் மொன்டானாவின் அணிக்கு மூன்று புள்ளி குறைவு. மூன்று நிமிடம் சொச்சம்தான் பாக்கி, கடக்க வேண்டியது 92 யார்டு. பதறாமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனார். 34 நொடி மிச்சமிருக்கும்போது சக வீரர் ஜான் டெய்லர் கைக்குள் பந்து. அப்புறம் என்ன, 20-16! இன்று குவார்ட்டர்பேக்குகளுக்கு விதிகள் தரும் பாதுகாப்பு அன்று அவருக்குக் கிடையாது.