சோற்றைக் கண்டால் வாயை இறுக்கும் பிள்ளை

என் மகனுக்கு டவுன் சின்ட்ரோம், பிறவியிலேயே வந்து வளர்ச்சியைத் தாமதமாக்கும் நிலை. பாண், மாரி பிஸ்கட், பால் மூன்றையும் விட்டால் வேறொன்றும் வாயில் வைக்கமாட்டான். "இந்தப் பிள்ளையள் பிடிவாதம்தான், பசிச்சால் தின்னும்" என்று வெள்ளவத்தையில் எனக்குச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. எனக்கு அந்தப் பேச்சு அறவே பிடிக்காது. வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளை வேண்டாம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை கிளினிக்கில் டொக்டர் முதலில் சாப்பாட்டைப் பற்றிப் பேசவேயில்லை. தைரொய்ட், இரும்புச்சத்து இரண்டுக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். பல்லைப் பார்த்தார். மலம் எப்படிப் போகிறது என்று துருவித் துருவிக் கேட்டார். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குத் தைரொய்ட் குறைவதும் மலச்சிக்கலும் அதிகம். வயிறு இறுகிக் கிடந்தால் பசி எங்கிருந்து வரும்? இவனுக்குத் தைரொய்ட் சரி. மலச்சிக்கல் இருந்தது, இரும்புச்சத்தும் குறைவு. அந்தக் குறைவே பசியைக் கெடுக்குமாம். மருந்து தொடங்கினோம்.

கண்ணைத் திறந்தது ஸ்பீச் தெரபி, அதாவது பேச்சுப் பயிற்சி. மெல்லுவதையும் விழுங்குவதையும் அங்கேதான் பார்க்கிறார்கள். மிஸ் அவன் சாப்பிடுவதை ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தசை தளர்வு. நாக்கு முன்னும் பின்னும்தான் போகிறது, பக்கவாட்டில் திரும்பி உணவைக் கடைவாய்ப் பல்லுக்குத் தள்ளவில்லை. சொதி விட்ட சோறு என்றால் தண்ணியை விழுங்கவேண்டும், பருக்கையை மெல்லவேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். அவனுக்கு அது முடியாத வேலை. பாணும் பிஸ்கட்டும் எச்சிலில் ஊறித் தானாகவே இளகிவிடும். தன்னால் முடிந்ததைத்தான் பிள்ளை இவ்வளவு நாளும் தெரிந்தெடுத்திருக்கிறான்!

காலடியில் ஒரு பலகை வைக்கச் சொன்னார். கால் தொங்கினால் உடம்பை நிமிர்த்தி வைப்பதிலேயே கவனம் போய்விடுமாம். அவித்த வத்தாளங்கிழங்கை விரல் நீளத்துக்கு வெட்டி, கடைவாய்ப் பக்கம் வைத்துக் கடிக்கப் பழக்கினோம். பிறகு தடிப்பாக மசித்த பருப்புச் சோறு. புது உணவு கரண்டி நுனியளவு, பாணுக்குப் பக்கத்தில். தொட்டாலும் சரி, தள்ளினாலும் சரி, வற்புறுத்துவதில்லை. பால் சாப்பாட்டுக்குப் பிறகுதான். போனைக் காட்டிக்கொண்டு பின்னால் திரிவதை நிறுத்த அம்மம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய பாடு. பேரன் பசியோடு இருப்பதை அவவால் தாங்க முடியவில்லை.

மாதக்கணக்கு எடுத்தது. இப்போது பருப்புச் சோறு, முட்டை, முள் எடுத்து மசித்த மீன் சாப்பிடுகிறான். கீரை இன்னும் இல்லை.

நீங்கள் ஸ்பீச் தெரபிக்குப் போவதென்றால் பிள்ளை விரும்பும் உணவொன்று, மறுக்கும் உணவொன்று, இரண்டையும் கட்டிக் கொண்டுபோங்கள். வீட்டில் சாப்பிடுவதைப் போனில் எடுத்துக் காட்டுங்கள். சாப்பிடும்போது இருமல், குரல் கரகரப்பு, அடிக்கடி நெஞ்சுச்சளி இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். உணவு சுவாசக்குழாய்க்குள் போகிறதா என்று அவர்கள் பார்க்கவேண்டும். அதுவரை வீட்டில் புதிதாக எதையும் கொடுத்துப் பழக்கவேண்டாம்.