வந்த வார்த்தை போனபோது

என் மகனை வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். அவன் முதலில் சொன்ன வார்த்தை, பாலுக்கு "இங்கா". அப்போது அவனுக்குப் பதினோரு மாதம். அதற்கப்புறம் அம்மா, அப்பா, தாத்தா, காக்காவுக்கு "கா", சோற்றுக்கு "மம்மு", டாட்டா, பூ, "ஆன", "தன்னி", கடைசியாக "சாமி". ஒரு வயது மூன்று மாதத்தில் மொத்தம் பதினொரு வார்த்தை. இவ்வளவு கணக்காகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என் கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். தம்பி என்ன செய்தாலும் வீடியோ எடுத்து ராத்திரி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். நினைவுக்காகச் செய்தது, பின்னால் சாட்சியாக ஆகும் என்று யார் கண்டது?

அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக நின்றது வீட்டில் கூடவே இருந்த எங்கள் யாருக்கும் தெரியவில்லை. முதலில் கேட்டது அவர்தான். "ஏன் இப்பல்லாம் அப்பான்னு சொல்லவே மாட்டேங்கிறான்?" எனக்கு எரிச்சலாக வந்தது. "நீங்க ஊர்ல இருந்தாத்தானே சொல்லுவான்" என்று வெடுக்கென்று பதில் அனுப்பிவிட்டுப் போனை வைத்தேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

புதிதாக ஒரு வார்த்தை வந்தால் தெரு முழுக்கச் சொல்கிறோம். நின்றுபோனால் அப்படித் தெரிவதில்லை. "டாட்டா" எந்த நாளில் நின்றது என்று எனக்கு இன்னும் தெரியாது. யாரும் வீட்டைவிட்டு வெளியூர் போகாத வாரமாக இருந்திருக்கும். "பூ" நின்றபோது அவனுக்குச் சளி பிடித்திருந்தது, அதனால் பேசவில்லை என்று நினைத்தோம். ஒரு வயது எட்டு மாதம் ஆனபோது "இங்கா"கூட இல்லை. பால் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃப்ரிட்ஜ் கதவில் வைப்பான். என் முகத்தைப் பார்க்க மாட்டான். என் கை அவனுக்கு ஒரு கரண்டி மாதிரி.

சொன்னேன், எல்லோரிடமும் சொன்னேன். "பேசிட்டிருந்தான், இப்ப பேசலை" என்பேன். அவர்கள் காதில் "இன்னும் பேசவில்லை" என்றுதான் விழுந்தது. அத்தை, "ஏம்மா, இவங்கப்பா நாலு வயசுலதான் வாயத் திறந்தான், ஆம்பளப் பிள்ளை அப்படித்தான்" என்றார். பக்கத்து வீட்டில் வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவச் சொன்னார்கள். என் அம்மா திருக்கோலக்காவுக்குக் கூட்டிப்போனாள். எங்களுக்கு சீர்காழி பக்கத்துக் கிராமம், கோலக்கா கூப்பிடு தூரம். மூன்று வயதில் பாட ஆரம்பித்த சம்பந்தர் அங்கே கையால் தாளம் போட்டுப் பாட, சிவன் பொற்றாளம் கொடுத்தார், அதற்கு ஓசை கொடுத்தது அம்பாள் என்பது தலபுராணம். ஓசை கொடுத்த நாயகி என்றே அவளுக்குப் பெயர். பேச்சு வராத பிள்ளைகளைக் கொண்டுவந்து வேண்டிக்கொள்கிற இடம். நானும் வேண்டிக்கொண்டேன். ஆனால் அங்கேயும் எனக்கு ஒரு குழப்பம்: கொடுத்த ஓசை திரும்பிப் போனால் யாரிடம் கேட்பது?

முதலில் பார்த்த குழந்தை டாக்டரும் இதையேதான் செய்தார். "இன்னும் பேச்சு வரலையா?" "வந்துச்சு சார், போயிடுச்சு." தலையை ஆட்டிக்கொண்டே சீட்டில் பேச்சுத் தாமதம் என்று ஆங்கிலத்தில் எழுதினார். மூன்று வயது வரை பார்க்கலாம், போனைக் கொடுக்காதீர்கள் என்றார். போனை நிறுத்தினோம். நல்லதுதான், ஆனால் வார்த்தை எதுவும் திரும்பவில்லை. மூன்று மாதம் அப்படியே போனது. எனக்கு அவர்மேல் இருக்கிற கோபம் இந்த மூன்று மாதத்துக்காகத்தான்.

அங்கன்வாடியில் எடை போடப் போன அன்று கிராம சுகாதார செவிலியர் தம்பியைக் கூப்பிட்டுப் பார்த்தார். திரும்பவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "முன்னாடி ஏதாவது சொன்னானாம்மா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அழுதேவிட்டேன். "சொன்னதை விட்டுட்டான்னா மூணு வயசுக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. இப்பவே போங்க" என்றார். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கிற மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் (2013இல் தொடங்கியது) மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்ற மையம் இருக்கிறது, வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்து உதவுகிற இடம். குழந்தை டாக்டர், காது பார்ப்பவர், பேச்சுப் பயிற்சி தருபவர் எல்லோரும் ஒரே இடம், காசு கிடையாது. எனக்கு அந்த எழுத்துகள் மனதில் நிற்காமல் அங்கன்வாடி ரிஜிஸ்டர் தாளிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.

அங்கே முதலில் காது. "பிஸ்கட் கவரைப் பிரிச்சா அடுத்த ரூம்ல இருந்து ஓடி வர்றானே" என்றேன். அந்தச் சத்தம் கேட்பது வேறு, பேச்சுக்குத் தேவையான எல்லாச் சத்தமும் கேட்பது வேறு, சளியால் நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால்கூடப் பேச்சு மங்கும் என்று விளக்கினார்கள். ஓ.ஏ.இ. சோதனை காதில் சின்ன முனையை வைத்துச் சில நிமிடத்தில் முடிந்தது. சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கிற பெரா சோதனைக்குப் பிள்ளை தூங்க வேண்டும். அதற்குத் தஞ்சாவூருக்கு எழுதிக்கொடுத்தார்கள். ராத்திரி தாமதமாகப் படுக்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பிக் கூட்டி வாருங்கள் என்றார்கள். நாலு மணிக்கே எழுப்பினேன். பஸ் கும்பகோணம் தாண்டுவதற்குள் என் மடியில் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டான். தட்டினேன், தண்ணீர் தெளித்தேன், கண்டக்டர் விசில்கூட ஊதிப் பார்த்தார். தஞ்சாவூரில் இறங்கியதும் விழித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மணி நேரம் ஓடினான். கடைசியில் தூக்க மருந்து சிரப் கொடுத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயரை ஒட்டி எடுத்தார்கள். காது நன்றாக இருக்கிறது என்று முடிவு வந்தது. சந்தோஷப்படவில்லை. காதாக இருந்தால் மெஷின் வைத்தாவது முடித்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்து எம்-சாட் என்று இருபது கேள்விகள், ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று முதலில் சலித்துப் பார்ப்பதற்கு. 16 மாதம் முதல் 30 மாதம் வரை உள்ள பிள்ளைகளுக்கானது. தம்பிக்கு அப்போது இருபத்துமூன்று மாதம். கேள்விகளில் பேச்சு ஒரு ஓரத்தில்தான் இருந்தது. விரலால் காட்டுவானா, நீங்கள் காட்டிய பக்கம் பார்ப்பானா, பிடித்ததை உங்களிடம் கொண்டுவந்து காட்டுவானா, பெயர் சொன்னால் திரும்புவானா. "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டு வரும்போதுதான் எனக்கே உறைத்தது. நிலாவைப் பார்த்து விரல் நீட்டிக்கொண்டிருந்தவன்தான் அவன். வார்த்தை போனதை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, விரல் போனதை நான் பார்க்கவே இல்லை. கவலைக்குரிய பதிலுக்கு ஒவ்வொரு மதிப்பெண், எட்டு அல்லது அதற்கு மேல் வந்தால் நேராக முழுப் பரிசோதனை. அவனுக்குப் பன்னிரண்டு.

அந்த மையத்துக் குழந்தை டாக்டரிடம் போனபோது நான் எதுவும் பேசவில்லை, போனை நீட்டினேன். பதினைந்தாம் மாத வீடியோ: விரலைக் காட்டி "கா, கா" என்கிறான், திரும்பி என் முகத்தைப் பார்க்கிறான். இருபதாம் மாத வீடியோ: அதே மாடி, அதே காக்கை, திரும்பவே இல்லை. டாக்டர் இரண்டையும் இரண்டு முறை பார்த்தார். "இது தாமதம் இல்லம்மா, இழப்பு" என்று தமிழிலேயே சொன்னார். அதற்காகத்தான் அத்தனை நாள் அலைந்தேன் போலிருந்தது. வலிப்பு உண்டா, கண் சொருகி நிற்பானா என்று கேட்டார். மூளை அலையைப் பார்க்க இ.இ.ஜி., தைராய்டு, பி12 எல்லாம் எடுத்தார்கள், கோளாறு இல்லை. விளையாட விட்டு, எங்களிடம் கேட்டு, இரண்டு மூன்று முறை வரவழைத்த பிறகு ஆட்டிசம் என்றார்கள், மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறு மாதிரி இருக்கிற மூளை வளர்ச்சி நிலை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இப்படி வந்த பேச்சை இழப்பவர்கள் என்றும், பெரும்பாலும் ஒன்றேகால் வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் நடக்கும் என்றும் சொன்னார்.

வீட்டில் மாமா பிடித்துக்கொண்டது ஊசியை. "ஒன்றரை வயசு ஊசி போட்ட அப்புறம்தான்" என்று ஒரே பிடி. தட்டம்மை, ரூபெல்லா இரண்டாவது தவணையும் முத்தடுப்பு ஊக்கத் தவணையும் 16 முதல் 24 மாதத்துக்குள்தான் போடுகிறார்கள். பேச்சு நிற்கிற வயதும் அதுதான், அதனால் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடுகிறோம். 1998இல் இப்படி ஒரு தொடர்பைக் கிளப்பிய கட்டுரையை 2010இல் அதை வெளியிட்ட மருத்துவப் பத்திரிகையே திரும்பப் பெற்றுவிட்டது என்று டாக்டர் சொன்னதை மாமாவிடம் சொன்னேன், எடுபடவில்லை. அப்புறம் தடுப்பூசி அட்டையையும் வாட்ஸ்அப்பையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "ஏன் அப்பா சொல்ல மாட்டேங்கிறான்" என்று இவர் கேட்ட செய்தி, ஊசி போட்ட தேதிக்கு மூன்று வாரம் முந்தியது. மாமா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாற்றுத்திறனாளி சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் தனி அலைச்சல், இன்னொரு நாள் எழுதுகிறேன். அதற்கெல்லாம் காத்திருக்காமல் பயிற்சியைத் தொடங்கியது ஒன்றுதான் நாங்கள் சரியாகச் செய்த வேலை. பேச்சுப் பயிற்சி தந்த பெண் முதல் நாளே "சொல்லு சொல்லுன்னு கேக்கறத விடுங்கக்கா" என்றார். அவன் கண் மட்டத்துக்கு நான் உட்கார வேண்டும். பால் டம்ளரை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, "இங்கா" என்று ஒரு தடவை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் காத்திருக்க வேண்டும். அவன் பார்த்தால் உடனே கொடுக்க வேண்டும், பார்வைக்கே கூலி. வீட்டில் வளவளவென்று பேசுகிற ஆள் நான், பத்து விநாடி வாயை மூடி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏழு மாதத்தில் விரல் திரும்பி வந்தது. முதலில் ஃபேனைக் காட்டினான்.

இப்போது அவனுக்கு மூன்று வயது இரண்டு மாதம். ஐந்தாறு வார்த்தை சொல்கிறான். பழைய வார்த்தைகள் பழைய வரிசையில் வரவில்லை. "இங்கா" வரவே இல்லை, பாலுக்கு இப்போது "பா". "அப்பா" இன்னும் இல்லை. போன அமாவாசை அன்று மாடியில் காக்கைக்குச் சோறு வைத்தபோது, பக்கத்தில் நின்றவன் விரலை நீட்டி "கா" என்றான். திரும்பி என்னைப் பார்த்தான். போன் கீழே சமையல்கட்டில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் காக்கையும் இல்லை, அவனும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டான். ராத்திரி இவருக்கு எழுதினேன்: "இன்னைக்கு கா சொன்னான். என்னைப் பார்த்து சொன்னான். வீடியோ இல்லை."

"நம்புறேன்" என்று உடனே பதில் வந்தது.